ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 24, 1960) வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய அமெரிக்க மருத்துவர் ஆவார். ஆண் மருத்துவர் பெண்களைத் தொடலாகாது என்ற வழக்கத்தால் பிரசவத்தில் பெண்கள் மாண்டதே இவரை மருத்துவம் பயிலத் தூண்டியது.

இளமை

இன்று தோல் தொழிலுக்குப் பெயர் பெற்ற இராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவ ஊழியர், தந்தையும் மருத்துவரே. தாது வருடப் பஞ்சத்தைச் சிறுவயதில் கண்ட ஐடாவுக்கு இந்தியாவில் தங்கும் விருப்பம் இருக்கவில்லை. அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்தபின், நோயுற்ற தாயைப் பேணவே திண்டிவனம் வந்தார்.

அங்கு ஓர் இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையிலிருந்த தம் மனைவியருக்கு உதவுமாறு ஐடாவை வேண்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் உயர்சாதி இந்து. தமக்கு மருத்துவம் தெரியாதென்றும், தந்தையை அழைத்துச் செல்லுமாறும் ஐடா கூறியதை மூவரும் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். இந்நிகழ்வு பெரும்பாலும் இறையழைப்பாகவே எடுத்துரைக்கப்படுகிறது. எனினும், தேர்ந்த மருத்துவர் அருகிலேயே இருந்தும் அவர்கள் இறந்தனர் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. அதே வீட்டு ஆண்களுக்கு நோய் வந்திருப்பின் அத்தடை இருந்திராது. பெண்ணின் மானத்தைக் காக்க ஏற்பட்ட கட்டுப்பாடே அவள் உயிருக்கு ஆபத்தாயிற்று.

மருத்துவப் பணி

சென்னையில் 1885 முதலே பெண்களுக்கெனக் கோஷா மருத்துவமனை இருந்தது. வட ஆர்க்காட்டுச் சிற்றூர்ப் பெண்களுக்கு அது எட்டாத் தொலைவு. 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஐடா, 1900இல் வேலூரில் ஒரு படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902இல் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வர இயலாதோருக்காகக் குடியாத்தம் சாலையில் மர நிழல்களிலேயே வண்டியை நிறுத்தி மருந்தளித்தார்.

ஒரு பெண் மருத்துவரால் எத்தனை வீடுகளுக்குச் செல்ல முடியும்? ஆகவே 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். 1922இல் முதல் அணியில் 14 பெண்கள் தேர்ச்சி பெற்று வெளியேறினர்.

பட்டப்படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் நீடிக்க இயலாத நிலை பின்னர் ஏற்பட்டது. ஆண்களையும் சேர்த்துப் பெரிய கல்லூரியாக்கும் யோசனையை, பல்லாண்டுகள் நிதி திரட்டித் தந்த தோழி லூசி பீபாடி எதிர்த்தார். பெண்களுக்காகத் தரப்பட்ட பணம் பெண்களுக்கே உரியது என்பது அவர் வாதம். அது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. ஐடா நீண்ட தயக்கத்திற்குப் பின் மாற்றத்தை ஏற்றார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது, 1947இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர்.

1946இல் ஓய்வு பெற்ற ஐடா, கொடைக்கானலில் தம் இல்லத்தில் 89ஆம் அகவையில் காலமானார்.