சுந்தரம் கரிவரதன்

சுந்தரம் கரிவரதன் (1954 – 1995) கோயம்புத்தூரைச் சேர்ந்த கார்ப் பந்தய வீரரும் பந்தயக் கார் வடிவமைப்பாளரும் ஆவார். பந்தய வட்டாரத்தில் கரி என்றே அறியப்பட்டார். ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் குறைந்த செலவில் உள்நாட்டிலேயே உருவாக்கியமைக்காக நினைவுகூரப்படுகிறார்.

வாழ்க்கை

கரிவரதன் கோவையின் இலட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவரது இளமைக் காலத்தில் சென்னைக்கு வடக்கே, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடைபெற்று வந்தன. வெளிநாட்டுக் கார்களை வரவழைக்கும் வசதி படைத்தோரின் கையே அங்கு ஓங்கியிருந்தது. கரிவரதனும் வசதி படைத்தவர்தாம். எனினும் பிறரும் வாங்கி ஓட்டக்கூடிய கார்களைக் கட்டுவதில் அவர் நாட்டம் கொண்டார்.

பார்முலா மாருதி

1988ஆம் ஆண்டில் அவர் அறிமுகப்படுத்திய பார்முலா மாருதி கார், மாருதி 800 காரின் மூன்று உருளைகள் கொண்ட 796 சிசி எஞ்சினால் இயங்கியது. எஞ்சினுக்கான உதிரிப் பாகங்கள் உள்நாட்டிலேயே கிடைத்தன. அனைவருக்கும் ஒரே வகை எஞ்சின் என்பதால் வெற்றி பெரிதும் ஓட்டுநரின் திறமையையும், சஸ்பென்ஷன் போன்றவற்றைச் சீரமைக்கும் விதத்தையும் பொறுத்ததாயிற்று.

சுருள்வில் சீரமைப்பு

சீரமைக்கக்கூடிய சஸ்பென்ஷனில், ஷாக் அப்சார்பரைச் சுற்றியுள்ள சுருள்வில்லை மரையிட்ட வளையம் ஒன்று தாங்கி நிற்கும். அதனைத் திருகினால் அப்பக்கத்தில் கார் உயரும் அல்லது தாழும். இவ்வாறு திருகுவதால் வில் கடினமாகும் என்று பலர் கருதுகின்றனர், அது தவறு. சீரான வில்லின் கடினத்தன்மை மாறுவதில்லை. அதற்கு வேறு வில்லையே பொருத்த வேண்டும். மாறுவன காரின் உயரமும் எடைப் பங்கீடும் ஆகும். நாற்காலியின் ஒரு கால் சற்று நீண்டால் அதுவும் எதிர்மூலைக் காலுமே சுமையைத் தாங்குவது போல, ஒரு வளையத்தை உயர்த்தினால் அச்சக்கரத்தின் மீதும் எதிர்மூலைச் சக்கரத்தின் மீதும் எடை கூடும். எனவே ஓட்டுநரை இருக்கையில் அமர்த்தி, நான்கு சக்கரங்களையும் தனித்தனித் தராசுகளில் நிறுத்திச் சரிபார்ப்பர். இது பிசகினால் இடப்புற வளைவில் ஒரு விதமாகவும் வலப்புற வளைவில் வேறு விதமாகவும் கார் திரும்பும்.

மறைவும் நினைவும்

கரிவரதன் 1995ஆம் ஆண்டில் சிறிய வானூர்தி விபத்தொன்றில் உயிரிழந்தார். பார்முலா மாருதி காரில் பந்தய வாழ்வைத் தொடங்கிய கோவையின் நரேன் கார்த்திகேயன், 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, பார்முலா 1 பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியரானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்திற்குக் கரி மோட்டார் ஸ்பீடுவே எனப் பெயரிடப்பட்டது.