விழியிழந்தும் எண் கண்ட மேதை

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் 1707ஆம் ஆண்டு பிறந்த லெயோன்ஹார்ட் ஒயிலரைக் கணிதப் பேரறிஞராக நாம் அறிவோம். 1766இல் ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு மீண்ட பின்னர், அவர் பார்வையை ஏறக்குறைய முற்றாக இழந்தார். 1771இல் இல்லமும் தீக்கிரையானது.

ஆயினும் 1772இல், 2,147,483,647 என்பது தன்னாலும் ஒன்றாலுமன்றி வகுபடாத முதன்மை எண் என அறிவித்தார். இதனை அறிய, 46,340 வரையுள்ள 4,792 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்த்தல் நேர்வழியாகும். ஒயிலரோ, இவ்வெண்ணுக்கு அவற்றுள் ஒன்று காரணியாயின், அதனை 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மிஞ்சவேண்டும் எனத் தெளிந்தார். நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சின, எதுவும் வகுக்கவில்லை.

பிறர் எழுத்துதவியோடு, 1783இல் மறையும்வரை ஆய்வைத் தொடர்ந்தார். பெருங்கணக்கைக் கண்டு மலைக்கும் நம் மாணவச் செல்வங்களுக்கு இவ்வாழ்வை எடுத்துரைப்போமாக.