மு.வ.வின் குடிபெயர்வும் இல்லறமும்

பாலாற்றங்கரை ஊர்களுக்கு இடப்பெயர்ச்சி புதிதன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோல், புகைவண்டி ஏறிச் சென்னைப் பெரியமேட்டுக்கும், அங்கிருந்து கப்பல் ஏறி இலண்டனுக்கும் சென்றது. தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாசாப் பகுதிக்கே போடப்பட்டது. அப்பாதையில் சரக்கு மட்டும் போகவில்லை. பிழைப்பை நாடிய இளைஞரும், அவரோடு புறப்பட்ட இளம் மனைவியரும் போயினர். அவ்வாறு தலைநகருக்குக் குடிபெயர்ந்த இணையருள் டாக்டர் மு. வரதராசனாரும் அவர்தம் துணைவியார் இராதா அம்மையாரும் அடங்குவர்.

இளமையும் கல்வியும்

மு.வ. 25.4.1912 அன்று அன்றைய வடஆற்காடு மாவட்டத்தில் முனுசாமி முதலியாருக்கும் அம்மாக்கண்ணு அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். பாட்டனார் பெயராகிய வரதராசன் என்பதே நிலைத்தது. வாலாசாப்பேட்டையை அடுத்த வேலம் அவர் இளமையில் வளர்ந்த சிற்றூர். உயர்நிலைக் கல்வியைத் திருப்பத்தூரில் முடித்தார். வட்ட அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். உடல்நலம் குன்றியதால் அவ்வேலை நிலைக்கவில்லை. நோய் பறித்த இடத்தில் தமிழ் வந்து நின்றது எனலாம். திருப்பத்தூர் முருகைய முதலியாரிடம் முறையாகத் தமிழ் பயின்றார். கல்லூரி வாயிலை மிதியாமலே தனித்தேர்வராக எழுதி, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தின் முதல்வராகத் தேறினார். திருப்பனந்தாள் காசி மடத்தின் 1000 ரூபாய்ப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் மாமன் மகளாகிய இராதாவை மணந்தார். திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் பணியும், புது இல்லறமும் ஒருசேர நடந்தன.

குடிபெயர்வு

அக்காலத்தில் தமிழாசிரியர் நிலை உயர்ந்ததாக இல்லை. ஊதியத்திலும் மதிப்பிலும் பிற பாட ஆசிரியர்க்குப் பின்னரே அவர் வைத்து எண்ணப்பட்டார். அந்நிலையில் மு.வ. தாமே படித்து 1939இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர் பணி அவரைத் தேடி வந்தது. அவருக்கு வயது 27. திருமணமாகி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. உறவும் சுற்றமும் உடைய ஊரை விட்டு, யாரும் யாரையும் அறியாத பெருநகருக்குச் செல்வதென்பது எளிய முடிவன்று.

அவர் சேர்ந்த கல்லூரியும் குடிபெயரும் நிலையில் இருந்தது. 1940இல் அது பழைய இடத்தை விட்டுச் சேத்துப்பட்டுக்குச் சென்றது. உலகப்போரும் 1939 செப்டம்பரில் மூண்டது. 1942இல் சப்பானியர் குண்டுக்கு அஞ்சிச் சென்னை மக்கள் பெருந்திரளாக வெளியூர்களுக்கு ஓடினர். அரசு அலுவலகங்கள் பலவும் இடம் மாறின. அரிசிக்குப் பங்கீடு வந்தது. அந்தப் பத்தாண்டுகளில்தான் அவர் 1944இல் எம்.ஓ.எல். பட்டம் பெற்றார், 1945இல் தமிழ்த்துறைத் தலைவரானார், 1948இல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றார். தமிழில் அப்பல்கலைக்கழகம் வழங்கிய முதல் டாக்டர் பட்டம் அதுவே. நெய்தலும் முல்லையும் பற்றிய அவ்வாய்வு நகரத்து வாடகை வாழ்வின் நடுவே உருவானது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எழுத்தில் இல்லறம்

முதல் நாவலாகிய 'செந்தாமரை'யை 1946இல் தாமே வெளியிட்டார். 1949இல் வந்த திருக்குறள் தெளிவுரை நூறு பதிப்புகளைக் கடந்து இன்றும் கைகளில் இருக்கிறது. ஆயினும், ஊர்விட்டு வந்து நகரில் குடும்பம் நடத்திய இளைஞர் தலைமுறை அவரைத் தம் மூத்தவராக ஏற்றுக்கொண்டதற்கு அவருடைய கடித நூல்களும் நாவல்களுமே காரணம். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என நான்கு கடித நூல்கள் வந்தன. மொழி, நாடு, ஒழுக்கம், மணவாழ்வு என எல்லாவற்றையும் அவை பேசின.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. அந்நான்கனுள் மனைவிக்கு எழுதிய நூல் இல்லை. மு.வ.வின் வரலாறு கூறும் கட்டுரைகளிலும் இராதா அம்மையாரின் பெயர் பெரும்பாலும் திருமண ஆண்டோடு நின்றுவிடுகிறது. நாளும் வகுப்பு, ஆய்வு, எழுத்து என்று ஓயாது உழைத்த ஒருவருக்குப் பின்னால், மூன்று மக்களை வளர்த்து ஒரு வீட்டை நடத்திய உழைப்பும் இருந்தது. அந்த உழைப்புக்குப் பட்டமும் இல்லை, பதிப்பும் இல்லை.

ஆனால் மு.வ.வின் புனைகதை இதனை முற்றும் மறந்துவிடவில்லை. 'கள்ளோ காவியமோ' நாவலில் மங்கையும் அருளப்பனும் மாறி மாறித் தம் வாழ்வைத் தாமே சொல்கின்றனர். ஒரே நிகழ்ச்சி கணவன் கண்ணில் ஒன்றாகவும் மனைவி கண்ணில் வேறாகவும் தோன்றுகிறது. பாதிக் கதையைப் பெண்ணின் வாயில் வைத்தது அறிவுரைகளினும் பெரிய செயல். 'கரித்துண்டு' நாவலோ, வாழ்க்கையில் அடிபட்ட இருவர் நகரத்தின் ஓரத்தில் ஒருவருக்கொருவர் துணையாவதைக் காட்டுகிறது. இல்லறம் என்பது ஊரார் தரும் பெயர் அன்று, இருவர் நாள்தோறும் செய்யும் வேலை என்பதே அவர் கண்ட முடிவு.

திரும்பிய மனம்

சென்னையில் வாழ்ந்தும் அவர் மனம் பாலாற்றை விட்டு அகலவில்லை. 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற 'அகல்விளக்கு' வாலாசாப்பேட்டையில்தான் தொடங்குகிறது. அறிவும் அழகும் மிக்க சந்திரன் தடுமாறி வீழ்கிறான். அமைதியான வேலய்யன் அகல்போல் நின்று எரிகிறான். ஊரை விட்டுப் போவோர் எதை உடன்கொண்டு போகவேண்டும் என்பதே அந்நாவலின் உட்பொருள்.

1961 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராகப் பத்தாண்டு பணியாற்றிய மு.வ., 1971இல் தெ.பொ.மீ.க்குப் பின் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். வட்ட அலுவலக எழுத்தராகத் தொடங்கியவர் ஏறிய உயரம் அது. அப்பதவியில் இருக்கும்போதே 10.10.1974 அன்று மறைந்தார்.

அவர் வளர்ந்த நிலப்பகுதி 2019 முதல் திருப்பத்தூர், இராணிப்பேட்டை எனத் தனி மாவட்டங்களாக விளங்குகிறது. இன்றும் விடியற்காலையில் ஆம்பூர்ச் சாலைகளில் காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் விரைகின்றன. வேலைக்காக இப்பகுதிக்கு வரும் இளம் இணையரும் உண்டு. சென்னைக்கும் பெங்களூருக்கும் போவோரும் உண்டு. அவர்களுள் கணவன் கதையை எழுத ஆள் இருப்பர். மங்கையின் பாதியை எழுதும் கடமை இம்மண்ணின் கவிஞர்க்கு மிச்சமிருக்கிறது. மு.வ.வுக்குச் செய்யத்தக்க நன்றி அதுவே.