வாலிபருக்காகக் கடல் கடந்து வந்தவர்



பள்ளிக்கூட மைதானத்தில் விசிலும் கையுமாகப் பிள்ளைகளோடு ஓடியாடும் உடற்கல்வி ஆசிரியரை நாம் எல்லாரும் அறிவோம். அந்த வேலைக்கு இந்நாட்டில் அஸ்திவாரம் போட்டவர்களில் முதன்மையானவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவருடைய வாழ்க்கை நம் குடும்பங்களுக்கு மிகவும் பயன்படும்.

பக் 1884-ம் வருஷம் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். கிறிஸ்தவ வாலிபர் சங்கம், அதாவது வை.எம்.சி.ஏ., நடத்திய ஸ்பிரிங்பீல்டு கல்லூரியில் பயிற்சி பெற்றார். 1891-ல் கூடைப்பந்து ஆட்டம் பிறந்ததும் அக்கல்லூரியில்தான்.

அந்தச் சங்கத்தின் பிறப்பைத் திருப்பூர்ச் சீமையில் வாழும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1844-ல் லண்டன் நகரில் ஒரு துணிக்கடைச் சிப்பந்தியாக இருந்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் 22 வயது வாலிபர் அதைத் தொடங்கினார். அக்காலத்துத் துணிக்கடைப் பையன்களுக்கு இரவு வெகுநேரம்வரை வேலை, கடையிலேயே படுக்கை, ஓய்வு கிடைத்தால் போக்கிடம் சாராயக்கடை. அவர்களை ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் கூட்டிச் சேர்த்தார் வில்லியம்ஸ். பிற்காலத்தில் விளையாட்டும் அதில் சேர்ந்தது. 1885-ல் அமெரிக்காவில் சம்னர் டட்லி என்பவர் சில சிறுவர்களை ஓர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போய்க் கூடாரமடித்துத் தங்கினார். கிறிஸ்தவ இளைஞர் முகாம்கள் அங்கே பரவியது இவ்விதமே. சரீரம், மனம், ஆத்துமம் மூன்றும் சேர்ந்து வளரவேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. பக் அதில் ஊறி வளர்ந்தவர்.

1919-ல் அவர் சென்னைக்கு வந்தார். அப்போது இந்தியாவில் அச்சங்கத்தின் தலைமைச் செயலாளராக இருந்தவர் சேலத்தில் பிறந்த கே. டி. பால். அந்நாளில் நம் பள்ளிகளில் தேகப்பயிற்சி என்றால் டிரில் மட்டுமே. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று அதட்டுவார்கள். அதில் பயம் இருந்தது; சந்தோஷம் இல்லை. பிள்ளைகளை நேசிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் முதலில் வேண்டும் என்று கண்டார் பக். 1920-ல் விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களோடு ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இந்தியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியாக வளர்ந்து, இன்றும் சென்னை நந்தனத்தில் அடையாற்றங்கரையில் நடந்து வருகிறது.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற இந்திய வீரர்களை அழைத்துப்போனவர் அவர். 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாகவும் உழைத்தார். ஆனால் பதக்கம் வாங்கும் சிலரைவிட, ஆடத் தெரியாமல் ஓரமாக நிற்கும் பலரையே அவர் பெரிதாக எண்ணினார். எல்லாப் பிள்ளைகளும் ஆடவேண்டும் என்பது அவர் பிடிவாதம். மேல்நாட்டு ஆட்டங்களைக் கொண்டுவந்தாலும் நம் நாட்டு ஆட்டங்களையும் தேகப்பயிற்சிகளையும் அவர் அலட்சியம் செய்யவில்லை. ஆட்ட விதிகளைத் திரட்டி நூலாகவும் வெளியிட்டார். அவர் மனைவி மேரி அம்மையாரும் இப்பணியில் துணை நின்றார்.

வந்த தேசத்தையே சொந்த தேசமாக்கிக்கொண்டு 24 வருஷம் உழைத்த பக், 1943-ல் தமது 58-ம் வயதில் காலமானார். அவர் பயிற்றுவித்த ஆசிரியர்கள் நாடெங்கும் பரவியிருந்தார்கள். அவர்களிடம் பயின்றவர்கள் அடுத்த தலைமுறையைப் பயிற்றுவித்தார்கள்.

அன்பர்களே, லண்டன் துணிக்கடைப் பையனின் நிலைமை நமக்குப் புதிதல்ல. நம் வாலிபர் பலர் காலையில் பனியன் கம்பெனிக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில்தான் திரும்புகிறார்கள். சனிக்கிழமை கையில் சம்பளம் வருகிறது. டாஸ்மாக் கடை அவர்களைக் கூப்பிடுகிறது. இல்லாவிட்டால் கையிலுள்ள செல்போன் கூப்பிடுகிறது. நாம் கூப்பிடுகிறோமா? வீட்டுக் கடனுக்கு எவ்வளவு தந்தாய் என்று கேட்கிற நாம், இந்த வாரம் ஆடினாயா, சிரித்தாயா என்று கேட்பதுண்டா?

பிறர் பிள்ளைகளுக்காக ஒருவர் கடல் கடந்து வந்தார். நம் சொந்தப் பிள்ளைகளுக்காக நாம் தெருவைக் கடந்தால் போதும். தகப்பன்மாரே, அண்ணன்மாரே, ஞாயிறு பூசைக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போங்கள். கோடை விடுமுறையில் இளைஞர் முகாம் நடத்த இரண்டு நாள் லீவு போட முடிந்தவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள். பெண்பிள்ளைகளையும் மறவாதீர்கள், தையல் மெஷினிலும் செக்கிங் மேஜையிலும் குனிந்த முதுகு அவர்களுடையதும்தான்.

சர்வேசுரன் உங்கள் பிள்ளைகளைச் சரீரத்திலும் ஆத்துமத்திலும் காத்தருள்வாராக.

பங்குச் சுவாமியார்