ஜே.பி. ஜெயரத்னம்: சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் தனியாளாக உட்கார்ந்த தமிழர், தெருவில் புத்தகம் விற்க நேர்ந்தது ஏன்?

2000-களின் தொடக்கத்தில் சிங்கப்பூரின் எம்.ஆர்.டி. ரயில் நிலையங்களுக்கு வெளியே ஒரு முதியவர் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். காதோரம் அடர்ந்த வெள்ளைக் கிருதா, கையில் ஒரு பிரதி. எழுதியவரும் அவரே, விற்றவரும் அவரே.

அவர்தான் ஜோசுவா பெஞ்சமின் ஜெயரத்னம். முன்னாள் மாவட்ட நீதிபதி, இரண்டு முறை மக்கள் தேர்ந்தெடுத்த எம்.பி. சிங்கப்பூரில் சுருக்கமாக ஜேபிஜே.

நீதிபதியாக இருந்தவர் எப்படித் தெருவுக்கு வந்தார்? சொந்தத் தொழில் நடத்தும் ஒருவர் ஆளும் கட்சியை எதிர்த்துத் தேர்தலில் நின்றால் அந்தத் தொழில் என்ன ஆகும் என்பதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அரசு வேலையிலிருந்து சொந்த அலுவலகம்

1926-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் ஜெயரத்னம். வளர்ந்தது மலாயாவின் ஜொகூரில். லண்டனில் சட்டம் படித்துத் திரும்பி, 1952-ல் சிங்கப்பூர் சட்டத்துறையில் சேர்ந்தார். நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞர் என்று உயர்ந்து உச்ச நீதிமன்றப் பதிவாளர் பொறுப்பு வரை போனார்.

1963-ல் அந்த வேலையை விட்டார். பிறகு சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கினார். இப்படித் தனியாளாக நடத்தும் அலுவலகமும் ஒரு சின்னக் கடை மாதிரிதான். முதலாளி கோர்ட்டுக்குப் போனால் வருமானம் வரும். போகாவிட்டால் வாடகைகூடக் கைக்காசிலிருந்துதான்.

1971-ல் அவர் கையில் எடுத்தது இன்னொரு சின்ன நிறுவனம் என்றே சொல்லலாம். 1957-ல் டேவிட் மார்ஷல் தொடங்கிய பாட்டாளிக் கட்சி அப்போது ஏறக்குறைய செயலற்றுக் கிடந்தது. அதன் சின்னம் சுத்தியல்.

தேக்கா பக்கத்தில் தொடங்கிய தோல்விகள்

1972 பொதுத் தேர்தலில் அவர் நின்ற தொகுதி ஃபாரர் பார்க். நம் ஆட்கள் தேக்கா என்று சொல்லும் லிட்டில் இந்தியாவை ஒட்டிய பகுதி. தமிழர், தமிழர் வட்டாரத்தில் நிற்கிறார், ஜெயித்துவிடுவார் என்று நினைத்தால் அது தப்புக்கணக்கு. தோற்றார்.

1976-ல் காம்போங் சாய் சீ, 1977-ல் ராடின் மாஸ், 1979-லும் 1980-லும் தெலுக் பிளாங்கா. எல்லாமே தோல்வி.

இதில் 1976 தேர்தலுக்கு விலை அதிகம். பிரசாரக் கூட்டத்தில் அவர் பேசியது தன்னை அவதூறு செய்ததாகப் பிரதமர் லீ குவான் யூ வழக்குப் போட்டார். ஜெயரத்னம் 1,30,000 வெள்ளி இழப்பீடும் செலவுத் தொகையும் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு செய்தும் பயனில்லை. வீட்டை விற்க வேண்டிவந்தது.

ஆன்சன்: 653 வாக்குகள்

1981 அக்டோபரில் தேவன் நாயர் அதிபரானதால் அவருடைய ஆன்சன் தொகுதி காலியானது. 1968 முதல் நடந்த நான்கு பொதுத் தேர்தல்களிலும் மக்கள் செயல் கட்சி ஓரிடம் விடாமல் வென்றிருந்த காலம் அது. இங்கேயும் வெற்றி நிச்சயம் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

ஆனால், தொகுதிக்குள் ஒரு புகைச்சல் இருந்தது. துறைமுக ஆணையத்தின் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்கள், கொள்கலன் முனைய விரிவாக்கத்துக்காக வீட்டைக் காலி செய்யும்படி சொல்லப்பட்டிருந்தன. மாற்றாக வீவக வீடு கிடைப்பதில் தங்களுக்கு முன்னுரிமை இல்லை என்ற கோபம் அவர்களுக்கு. ஆளும் கட்சி நிறுத்தியது பாங் கிம் ஹின் என்ற புதுமுகத்தை. முன்னாள் அமைச்சர் லிம் கிம் சானின் உறவினர். வீடு போகிற கவலையில் இருப்பவர்களிடம் இது எப்படி எடுபட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அக்டோபர் 31 இரவு முடிவு வந்தது. ஜெயரத்னம் 7,012, பாங் 6,359. வித்தியாசம் 653 வாக்குகள். மனைவி மார்கரெட் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஜெயரத்னத்துக்கு வயது 55, இது ஆறாவது முயற்சி. சுதந்திரத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் தேர்தலில் வென்ற முதல் எதிர்க்கட்சிக்காரர் அவர்தான்.

சீன வாக்காளர்கள் அதிகம் இருந்த ஆன்சனில் கோவிந்தசாமி, தேவன் நாயர், ஜெயரத்னம் என அடுத்தடுத்து இந்திய வம்சாவளியினர் வென்றிருக்கிறார்கள். சிறுபான்மையினர் ஜெயிப்பது கடினம் என்ற காரணத்தைச் சொல்லித்தான் 1988-ல் குழுத்தொகுதி முறை வந்தது. ஆன்சன் என்ற தொகுதியே அந்தத் தேர்தலில் இல்லை.

2,000 வெள்ளி என்ற கோடு

1984 பொதுத் தேர்தலில் அதே ஆன்சனில், முன்பைவிடக் கூடுதல் வாக்குகளுடன் அவர் மீண்டும் வென்றார். அந்தப் பதவி முழுக்காலம் நீடிக்கவில்லை.

சிங்கப்பூர் அரசியல் சாசனப்படி, குற்ற வழக்கில் 2,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டால் எம்.பி. பதவி போய்விடும், ஐந்து ஆண்டுகள் போட்டியிடவும் முடியாது. (2022-ல்தான் இந்த வரம்பு 10,000 வெள்ளியாக உயர்ந்தது.) கட்சிக் கணக்கு பற்றிப் பொய்யான உறுதிமொழி கொடுத்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், 1986-ல் ஜெயரத்னத்துக்குக் கிடைத்தது ஒரு மாதச் சிறையும் 5,000 வெள்ளி அபராதமும்.

பதவி போனது. சிறைக்கும் போய்வந்தார். 1987-ல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் பெயர் நீக்கப்பட்டது. நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருப்பவருக்கு வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். இவருக்கோ உரிமம்தான் முதலீடே. அது போனால் அலுவலகத்தைத் திறந்து வைத்துப் புண்ணியமில்லை.

உரிமம் பறிக்கப்பட்டதை எதிர்த்து அவர் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1988-ல் அது அவரை மீண்டும் பட்டியலில் சேர்த்தது. செய்யாத குற்றத்துக்காக அவர் தண்டிக்கப்பட்டதாகவும் கடுமையாக விமர்சித்தது. ஆனால், அதன் முன் இருந்தது உரிமம் தொடர்பான மேல்முறையீடு மட்டுமே. குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது. மன்னிப்புக் கேட்டு அதிபருக்கு அனுப்பிய மனுவும் நிராகரிக்கப்பட்டது. தொழில் திரும்பியது, நாற்காலி திரும்பவில்லை. தடை முடிவதற்கு முன்பே, 1991 ஆகஸ்ட் 31 அன்று பொதுத் தேர்தல் நடந்து முடிந்தது.

நீதிமன்றங்கள் சுதந்திரமானவை, பொய்க் குற்றச்சாட்டிலிருந்து தங்கள் நற்பெயரைக் காக்கவே தலைவர்கள் வழக்குப் போடுகிறார்கள் என்பது ஆளும் தரப்பின் மாறாத விளக்கம்.

ஒரு தமிழ்க் கட்டுரையின் விலை

1997-ல் செங் சான் குழுத்தொகுதியில் நின்ற அவருடைய அணி 45 சதவீத வாக்கு வாங்கித் தோற்றது. தொகுதியில்லா உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் திரும்பினார். அந்தப் பதவியையும் பறித்தது ஒரு தமிழ்க் கட்டுரை என்பது பலருக்குத் தெரியாது.

1995-ல் பாட்டாளிக் கட்சியின் இதழில், தமிழ் மொழி வாரத்தை நடத்தியவர்களைத் தாக்கித் தமிழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியது வேறொருவர். இதழாசிரியர் ஜெயரத்னம். ஏற்பாட்டாளர்கள் அவதூறு வழக்குப் போட்டு வென்றார்கள். அவர்களும் தமிழர்கள்தான், தங்கள் பெயர் கெட்டது என்ற அவர்களின் வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு இரண்டு லட்சம் வெள்ளியைத் தாண்டியது.

தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார். அதில் ஒன்று குறித்த நாளில் போய்ச் சேரவில்லை. 2001 ஜனவரியில் நீதிமன்றம் அவரை நொடித்துப்போனவராக அறிவித்தது. நொடித்துப்போனவர் எம்.பி.யாக இருக்க முடியாது, வழக்கறிஞர் தொழிலும் செய்ய முடியாது. மேல்முறையீடு தோற்றதும் ஜூலையில் பதவி போனது. அந்த ஆண்டே பாட்டாளிக் கட்சியிலிருந்தும் விலகினார். வயது 75.

கையில் மிஞ்சியது புத்தகம். அதைத்தான் ரயில் நிலையங்களுக்கு வெளியே விற்றார்.

கடனை அடைத்த பிறகு

2007 மே மாதம், 2,33,000 வெள்ளிக்கு மேல் செலுத்தி அவர் நொடிப்பு நிலையிலிருந்து விடுபட்டார். அப்போது வயது 81. ஓய்வெடுத்திருக்கலாம். அவரோ மறுபடியும் வழக்கறிஞர் உரிமம் வாங்கினார். 2008-ல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கி, அடுத்த தேர்தலுக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்தார்.

2008 செப்டம்பர் 30 அன்று மாரடைப்பால் இறந்தார். மூத்த மகன் கென்னத் கட்சியை ஏற்று நடத்தினார். இளைய மகன் பிலிப், நாவலாசிரியராகவும் வழக்கறிஞராகவும் பெயர் பெற்று, பின்னர் சிங்கப்பூர் உயர் நீதிமன்ற நீதிபதியானார்.