கண்ணை அளந்தவர் கண்ணிழந்த கதை

மாத்தளை நகரிலே முத்துமாரியம்மன் கோவில் இராஜகோபுரத்தைத் தெருவோரத்தில் நின்று நோக்குவது என் நெடுநாள் வழக்கம். சில ஆண்டுகளாக அக்கோபுரத்தின் நெடுக்குக் கோடுகள் ஒருவாறு தெரிய, நிலைகளைப் பிரிக்கும் குறுக்குக் கோடுகள் மட்டும் ஈரத்தில் விழுந்த மைபோலக் கலைந்து போயின. முதுமையிலே விழியின் வில்லையிற் புரை படர்ந்தது ஒரு காரணம். கண்ணின் முன்புறத்துள்ள விழிவெண்படலம் எல்லாத் திசைகளிலும் ஒரே வளைவாக இராமை மற்றொரு காரணம்.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் என் கண்ணை அளந்த பெண், நாடியைத் தாங்கியில் வைத்து ஒளியை நோக்குமாறு பணித்தார். எண்கள் சிலவற்றைக் குறித்துக்கொண்டார். பின்னர், இரண்டு அளவைகள் ஒத்துவரவில்லை என்று கூறி மீண்டும் அமரச் சொன்னார். பசியோடிருந்த நான் முணுமுணுத்தேன். அவர் பொறுமையாகப் புன்னகைத்தார், அளவையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தின் பொருளைத் தேடிப் படித்தபோதுதான் லூயி எமில் ஜாவால் என்னும் பெருமகனின் வாழ்வை அறிந்தேன்.

ஜாவால் 1839ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி பாரிஸ் மாநகரிலே செல்வக் குடும்பமொன்றிற் பிறந்தார். அவர் முதலிற் கற்றது வைத்தியமன்று, சுரங்கப் பொறியியல். ஆனால், தந்தையாருக்கும் மாறுகண், சகோதரிக்கும் மாறுகண். சகோதரியின் கண்களை நேராக்க வழியுண்டா என்று ஆராயப் புகுந்தவர், பொறியியலைத் துறந்து வைத்தியத்தைத் தழுவினார். கத்தியை நாடாமல், பயிற்சியினாலே இரு கண்களையும் ஒருமித்துப் பார்க்கச் செய்யலாம் என்பது அவர் துணிபு. ஜெர்மானிய மேதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் இயற்றிய பார்வையியற் பெருநூலைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்க்கும் பணியிலும் அவர் பங்குகொண்டார். அப்பெயர்ப்பு 1867இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் வைத்தியப் பட்டம் பெற்றார்.

விழிவெண்படலம் பந்தின் மேற்பரப்புப்போல் இருந்தால், ஒளிக்கதிர்கள் ஒரு புள்ளியிற் குவியும். கரண்டியின் முதுகுபோல் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் வளைந்திருந்தால், ஒரு புள்ளியிற் குவியா. இக்குறையே அஸ்டிக்மாற்றிசம் எனப்படுவது. தோமஸ் யங் என்னும் ஆங்கிலேயர் 1801இல் தம் கண்ணிலேயே இதனைக் கண்டு விவரித்தார். 1825இல் ஜோர்ஜ் ஏரி உருளை வில்லையாலே தம் கண்ணின் குறையைத் திருத்திக்கொண்டார். படலத்தின் வளைவை அளக்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைத்தார். எனினும் அது ஆய்வுகூடத்துக்கு உரியதாயிற்றேயன்றி, நோயாளர் வரிசையாகக் காத்திருக்கும் வைத்தியசாலைக்கு ஏற்றதாகவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவரே ஜாவால். சோர்பொன் பல்கலைக்கழகத்தின் கண்ணியல் ஆய்வுகூடத்தை நடத்திய அவரோடு, நோர்வே நாட்டு இளம் வைத்தியர் யால்மார் ஷியோட்ஸ் சேர்ந்துழைத்தார். இருவரும் 1881ஆம் ஆண்டளவில் உருவாக்கிய கருவி உலகெங்கும் பரவியது. அதன் தத்துவம் எளிது. படலம் ஒரு குவிந்த ஆடி. அதன் முன் வைத்த உருவத்தின் பிரதிபிம்பம் சிறிதாகத் தெரிந்தால் வளைவு மிகுதி, பெரிதாகத் தெரிந்தால் வளைவு குறைவு. ஆனால் உயிருள்ள கண் ஓயாது அசைவது. அசையும் பிம்பத்தை எவ்வாறு அளப்பது? அரியத்தினாலே பிம்பத்தை இரட்டித்தார்கள். கண் அசைந்தால் இரண்டும் ஒன்றாகவே அசையும். அவற்றின் இடைவெளி மாறாது. இரு அடையாளங்களுள் ஒன்றைப் படிக்கட்டு வடிவிலே அமைத்தார்கள். ஒரு திசையிற் பொருந்தவைத்துக் கருவியைக் குறுக்குத் திசைக்குத் திருப்பும்போது, ஒரு படியளவு ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் ஒரு டயொப்டர் வேறுபாடு. கணக்கு அறியாதவரும் படியை எண்ணிச் சொல்லிவிடலாம்!

அந்நாளிலே இதன் பெரும்பயன் கண்ணாடி எழுதிக் கொடுப்பதே. 1949இல் ஹரோல்ட் ரிட்லி இலண்டனிலே செயற்கை வில்லையைக் கண்ணுள் வைத்த பின்னர், இவ்வளவை புதுமதிப்புப் பெற்றது. புரையுற்ற வில்லையை அகற்றினால் அதனால் விளைந்த கோணலும் உடன் அகலும். படலத்தின் கோணலோ அப்படியே எஞ்சும். படலத்தின் வலு சராசரி 43 டயொப்டர். அதனை அளப்பதில் ஒன்று பிழைத்தால், சிகிச்சைக்குப் பிந்திய பார்வையிலும் ஏறக்குறைய அவ்வளவு பிழைக்கும். கோணலையும் திருத்தும் விசேட வில்லையை வைப்பதாயின், அச்சுத் திசை மிக முக்கியம்: 10 பாகை திரும்பினால் பயனில் மூன்றிலொரு பங்கு போகும், 30 பாகை திரும்பினால் முழுவதும் போகும். இன்று மின்கருவிகள் கணப்பொழுதில் அளக்கின்றன. ஆயினும் படலத்தை ஆடியாகக் கொள்ளும் அடிப்படை பல கருவிகளிலே மாறவில்லை. அந்தப் பெண் என்னை மீண்டும் அமர்த்தியதன் நியாயம் அப்போதுதான் விளங்கிற்று.

ஜாவால் வாசிப்பையும் ஆராய்ந்தவர். வரியிலே நம் கண் ஆறுபோல் ஓடுவதில்லை, தவளைபோல் தாவித்தாவி நிற்கின்றது என்ற உண்மை 1870களின் இறுதியில் அவருடைய ஆய்வுகளாலே வெளிப்பட்டது. பிரெஞ்சு எழுத்துக்களிற் கீழ்ப்பாதியை மறைத்தாலும் படிக்கலாம், மேற்பாதியை மறைத்தாற் படிப்பது அரிது என்றும் காட்டினார். மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் உடைய நம் எழுத்துக்களிலே இச்சோதனையை மாணவர்கள் செய்து பார்க்கலாம்.

இத்தகையவரைத்தான் விதி இருளிலே தள்ளியது. கண்ணின் உள்ளழுத்தத்தோடு தொடர்புற்று, பார்வை நரம்பை அழிக்கும் குளுக்கோமா நோயினால் 1900ஆம் ஆண்டிலே அவர் முற்றாகப் பார்வையிழந்தார். பிறர் கண்ணை நுட்பமாக அளந்தவருக்குத் தம் கண்ணைக் காக்கும் வழி கிட்டவில்லை. அவரோடு உழைத்த ஷியோட்ஸ், கண்ணின் அழுத்தத்தை அளக்கும் கருவியை 1905இல் வெளியிட்டார். நண்பரின் பார்வை அணைந்து ஐந்தாண்டுகள் கழிந்திருந்தன.

ஆயினும் ஜாவால் சோர்ந்திருக்கவில்லை. புதிதாகப் பார்வை இழந்தவர்கள் எவ்வாறு எழுதுவது, நடப்பது, உண்பது, தன்மதிப்போடு வாழ்வது என்பவற்றைத் தாமே பயின்று, 1903இல் நூலாக எழுதினார். கண்பார்வை இல்லாத நிலையிலேயே, வாசிப்பையும் எழுத்தையும் பற்றிய தம் பேராய்வை 1905இல் வெளியிட்டார். 1907 ஜனவரி 20ஆந் திகதி பாரிஸிலே காலமானார்.

எங்கள் மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலே, வாய்மொழியாக வந்த பௌத்த மறைகளைக் கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே ஏட்டில் எழுதிவைத்தார்கள் என்பது வரலாறு. அறிந்தவர்கள் மறையுமுன் அறிவை ஏட்டிலேற்ற வேண்டும் என்ற கவலை அது. தம் ஒளி மறைந்த பின்னும் பிறருக்கு வழி எழுதிவைத்த ஜாவாலின் கவலையும் அத்தகையதே.

சிகிச்சை முடிந்து கட்டவிழ்த்த சில நாள்களின் பின் மீண்டும் கோபுரத்தின் முன் நின்றேன். குறுக்குக் கோடுகள் தெரிந்தன. ஒவ்வொரு நிலையாக எண்ணினேன், அம்மனை வணங்கினேன், அந்தப் பெண்ணையும், இருளிலிருந்து எழுதிய அந்த மனிதரையும் நினைத்துக்கொண்டேன்.