திருகாணிக்கு நெறி வகுத்தவர்

அறிவு பிறழ்ந்தவனை மரை கழன்றவன் என்று நம்மவர் சொல்வதுண்டு. பட்டறையில் பிறந்த உவமை இது. மிகப் பொருத்தமான உவமையும்கூட. திருகாணியின் உடலைச் சுற்றி ஏறிச் செல்லும் மேடும் பள்ளமுமே மரை. அது தேய்ந்துபோனால் ஆணி சுற்றிக்கொண்டே இருக்கும். ஏறாது, இறங்காது, எதையும் பிடிக்காது. அந்த மரைக்கு ஒரு நாடு முழுவதும் ஏற்ற ஒழுங்கை முதலில் வகுத்தவர் சர் ஜோசப் விட்வொர்த். பொறியியல் பயிலும் நண்பர்கள் பட்டறைப் பாடத்தில் அவர் பெயரை ஒரு வரியில் கண்டிருக்கலாம். அவர் வாழ்க்கையோ ஒரு வரியில் அடங்குவதன்று.

இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் 1803ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். பின்னர்க் கிறித்தவச் சபையொன்றின் போதகர். இளமையிலேயே தாயை இழந்த பிள்ளையைப் பதினான்காம் வயதில் டெர்பிஷயரிலிருந்த மாமனின் பஞ்சாலைக்கு அனுப்பினார்கள். ஆலையை நடத்தக் கற்று, பிற்காலத்தில் அதன் பங்காளி ஆகட்டும் என்பது பெரியவர்களின் கணக்கு. பையனுக்கு ஆலை வருமானத்தில் நாட்டமில்லை. ஆலையின் இயந்திரங்களில்தான் நாட்டம். அவை எவ்வளவு முரட்டுத்தனமாகச் செய்யப்பட்டவை என்பது அவனை உறுத்தியது. 1821இல் மாமனை விட்டு மான்செஸ்டருக்குப் போய்ச் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்துகொண்டான்.

1825இல் லண்டன் சென்ற அவருக்கு, அக்காலத்தின் தலைசிறந்த கருவி வல்லுநரான ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் இடம் கிடைத்தது. அங்கேதான் சமதளம் என்னும் பித்து அவரைப் பிடித்தது. இரண்டு இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துச் சீர்செய்தால் இரண்டும் நன்றாகப் படியும். ஆனால் ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தாலும் அப்படியே படியும்! மூன்று தகடுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மற்ற இரண்டோடும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் இந்த ஏமாற்று நடவாது. மூன்றும் தட்டையாக இருந்தாலன்றி மூன்றும் ஒத்துப்போகமாட்டா. தேய்ப்பதை விட்டு, வண்ணம் பூசி மேடுகளைக் கண்டு, அவற்றை மட்டும் சுரண்டி எடுக்கும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். ஒரு பொருளின் குறை அதன் இணையோடு பார்த்தால் மறைந்துவிடும், மூன்றாவது வந்தால்தான் வெளிப்படும் என்ற இந்த நுட்பத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது.

பாபேஜின் கணக்கிடும் பொறியைச் செய்துகொண்டிருந்த கிளெமென்ட்டின் பட்டறையிலும் சிலகாலம் வேலை பார்த்தார். 1833இல் மான்செஸ்டருக்குத் திரும்பி, நீராவி விசையுள்ள ஓர் அறையை வாடகைக்கு எடுத்துச் சொந்தத் தொழில் தொடங்கினார்.

அன்று திருகாணியின் நிலை என்ன? ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. ஒரு தொழிற்சாலையின் போல்ட் மற்றொன்றின் நட்டில் ஏறாது. இயந்திரம் பழுதுபட்டால் செய்தவனையே தேடிப் போகவேண்டும். அவன் கடையைக் கட்டியிருந்தால் இயந்திரமும் தொலைந்தது. விட்வொர்த் தம் மரையே சிறந்ததென்று வாதிடவில்லை. நாட்டின் முன்னணிப் பட்டறைகளிலிருந்து திருகாணிகளைச் சேர்த்தார், அளந்தார், சராசரி கண்டார். மரையின் கோணம் 55 பாகை. ஒவ்வொரு விட்டத்துக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை. மேடும் பள்ளமும் ஒரே அளவாக உருண்டிருக்கவேண்டும். இந்தத் திட்டத்தை 1841இல் சிவில் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். எல்லோரும் சிறிது விட்டுக்கொடுத்தால் போதும், எவரும் தோற்றவராகார் என்பதே அதன் வலிமை. ரயில் கம்பெனிகள் முதலில் ஏற்றன, பிறரும் தொடர்ந்தனர். கிரிமியப் போரின்போது பீரங்கிப் படகுகள் அவசரமாகத் தேவைப்பட, ஜான் பென் என்பவர் மாதிரி எஞ்சின்களைப் பிரித்து, அவற்றின் உறுப்புகளைப் பல பட்டறைகளுக்குப் பகிர்ந்தளித்துச் செய்வித்தார். தொண்ணூறு நாளில் தொண்ணூறு எஞ்சின்கள் உருவாயின. எங்கெங்கோ செய்த உறுப்புகள் ஒன்றுசேர்ந்தது பொது மரையால்தான்.

பொது மரை தவறினால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரிலேயே கண்டேன். மாதேசுவரன் மலையை ஒட்டிய மார்டள்ளி, முன்பு மைசூர் மாவட்டத்திலும் 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கிய தமிழ் பேசும் ஊர். என் அண்ணன் வாங்கிய பழைய காரில் எஞ்சினுக்கு அடியிலிருந்த தகட்டைக் கழற்றவேண்டியிருந்தது. ஒரு போல்ட் மட்டும் அசையவில்லை; அதன் தலையோ ஸ்பேனர் வழுக்கி வழுக்கி உருண்டு போயிருந்தது. இரவு முழுதும் எண்ணெயில் ஊறவிட்டோம். காலையில் சுத்தியலால் மெல்லத் தட்டித் துருவை இளக்கினோம். தலையின் குறுக்கே ரம்பப் பிளேடால் பள்ளம் அறுத்து, பெரிய திருப்புளியை அதில் அழுத்தி, அதன் தண்டை ஸ்பேனரால் பிடித்து அண்ணன் திருப்பினார். முனகிக்கொண்டு வெளிவந்தது போல்ட்.

அளந்து பார்த்தபோது நோயின் மூலம் தெரிந்தது. துளை 8 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை; உள்ளே எந்தக் கையோ முடுக்கியிருந்ததோ இரண்டரை நூல் போல்ட், அதாவது 5/16 அங்குல விட்வொர்த். விட்டம் 7.94 மில்லிமீட்டர்; கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் துளையின் மரைக்கு மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர், போல்ட்டின் இடைவெளி 1.41. இரண்டு மூன்று சுற்று இணக்கமாக ஏறும். பிறகு ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பலங்கொண்டு முடுக்கினால் இரண்டும் கெடும். கொள்ளேகாலில் வாங்கிய 8 மி.மீ. டேப்பை மெல்ல ஓட்டித் துளையின் மரையைச் சீராக்கினோம். சரியான போல்ட் கையாலேயே ஏறிற்று.

எங்கள் வாசலில் நடந்த இந்தப் பூசல் நாடுகளுக்கிடையிலும் நடந்ததுதான். 1864இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகை மரையை முன்வைத்தார்; செய்வதற்கு அதுவே எளிது. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகளின் போல்ட்டுகள் ஒன்றிலொன்று சேராமல் தொல்லை கொடுத்தன. 1948இல் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் கூடிப் பொது மரை ஒன்றை ஏற்றன. கோணத்தில் வென்றது 60.

விட்வொர்த்தின் பிற்பகுதி வாழ்க்கையில் என் மனம் அவ்வளவாக ஒன்றவில்லை. அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை உணரும் அளவுக் கருவியைச் செய்த அதே கை துப்பாக்கிக்குத் திரும்பிற்று. அறுகோணத் துளையுடைய அவருடைய துப்பாக்கி 1857ஆம் ஆண்டுச் சோதனையில் என்ஃபீல்டை எளிதில் வென்றது. அந்த என்ஃபீல்டின் கொழுப்புத் தோட்டாதான் அதே ஆண்டில் நம் நாட்டுச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தது. 1860இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசி 400 கஜத்திலிருந்து விட்வொர்த் துப்பாக்கியின் குண்டை இலக்கின் நடுவட்டத்தில் பாயவிட்டார். அப்படியும் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்கவில்லை. விலை கூடுதல், துளையில் கரியும் விரைவில் படியும்.

மாணவராகிய நமக்கு 1868 முக்கியமான ஆண்டு. ஆண்டுக்கு நூறு பவுன் வீதம் முப்பது பேருக்கு உதவிச் சம்பளம் அளிக்க அவ்வாண்டில் அவர் ஏற்பாடு செய்தார். கணக்கும் அறிவியலும் தெரிந்தால் மட்டும் போதாது. அரத்தையும் உளியையும் பிடிக்கத் தெரிந்திருக்கவேண்டும். பட்டறைத் தொழிலாளிக்கு நூலறிவும், நூல் படித்தவனுக்குக் கைத்தொழிலும் சேரவேண்டும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டு அரசாங்கம் அவருக்குப் பாரோனெட் பட்டம் அளித்தது. 1887 ஜனவரி 22ஆம் நாள் மான்ட்டி கார்லோவில் காலமானார்.

மெட்ரிக் அளவு பரவிய பிறகு விட்வொர்த் மரை பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. ஆயினும் புகைப்படக் கருவி வைத்திருக்கும் நண்பர்கள் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்கலாம். முக்காலியில் பொருத்த அடியில் ஒரு துளை இருக்கும். விட்டம் கால் அங்குலம். அங்குலத்துக்கு இருபது மரை. 1841இல் அவர் கால் அங்குலத்துக்கு வகுத்த கணக்கும் அதுவே.